1209-ஐப் படிப்பது எப்படி: பெரிய பள்ளிவாசல் கல்லும் அப்ஜத் கணக்கும்

ஆட்டோ முதுகில் 786 பார்க்காத சென்னைவாசி இருக்க முடியாது. பிஸ்மில்லாஹ்வின் அரபு எழுத்துகளுக்கு எண் போட்டுக் கூட்டினால் கிடைப்பது அது. இதே அப்ஜத் கணக்கில் ஒரு சொற்றொடருக்குள் ஆண்டைப் பூட்டி வைப்பதற்குப் பெயர் தாரீக். வரலாற்றுக்கும் தேதிக்கும் அதே சொல்தான்.

பெரிய பள்ளிவாசல் என்று சென்னை சொல்லும் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலின் கல்லில் உள்ள தாரீக் 'திக்ருல்லாஹி அக்பர்'. இயற்றியவர் ஆற்காடு நவாபின் முன்ஷி (எழுத்தர்) ராஜா மக்கன் லால், இந்து. திக்ருக்கு தால் 700, காஃப் 20, ரே 200: ஆக 920. அல்லாஹ்வுக்கு அலிஃப் 1, லாம் 30, இன்னொரு லாம் 30, ஹே 5: ஆக 66. அக்பருக்கு 1, 20, 2, 200: ஆக 223. மொத்தம் 1209.

தமிழில் எழுதிவைத்துக்கொண்டு கூட்டினால் மாட்டிக்கொள்வீர்கள். 'ருல்லா' என்று சேர்த்துச் சொல்லும்போது அல்லாஹ்வின் அலிஃப் காதில் விழாது, விட்டால் 1208. 'லா'வின் நெடிலுக்கு அங்கே எழுத்தே கிடையாது. அதற்கும் ஒன்று போட்டால் 1210. பேனா எழுதியதற்குத்தான் எண், நாக்கு சொன்னதற்கு இல்லை. ஷத்து (இரட்டிப்புக் குறி) போட்ட எழுத்தும் ஒருமுறைதான்: முஹம்மத் 92, 132 அல்ல. பாரசீக எழுத்துகளில் பே 2, சே 3, காஃபின் இடத்தில் எண்ணப்படும் gāf-க்கும் 20தான். விடையில் 395 வித்தியாசம் வந்தால் சொல்லின் கடைசி 'த்'தைப் பாருங்கள்: வட்டத் தே என்றால் 5, நீளத் தே என்றால் 400. சில கவிஞர்கள் முந்தைய அடியில் 'தலையை எடு' என்று பொடி வைத்திருப்பார்கள். ஓர் எழுத்தின் எண்ணைக் கழிக்கச் சொல்கிறார்கள். கடைசி அடியை மட்டும் படம் எடுத்து வந்தால் அது போச்சு.

அடுத்தது மாற்றம்: கிடைத்த 1209 ஹிஜ்ரி ஆண்டு, அதை நம் ஆங்கில ஆண்டாக்க வேண்டும். ஹிஜ்ரி கணக்கு தொடங்குவது கி.பி. 622-இல். 1209-உடன் நேரே 622 கூட்டினால் 1831. பள்ளிவாசல் கால நவாப் முஹம்மது அலி 1795-லேயே இறந்துவிட்டார்! ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள்தான். 33 ஹிஜ்ரி ஆண்டு ஏறக்குறைய நம் 32. எனவே முதலில் 0.97-ஆல் பெருக்கி, பிறகு 622 கூட்டுங்கள்: 1794.7. ஹிஜ்ரி 1209, 1794 ஜூலைக் கடைசியில் தொடங்கி 1795 ஜூலையில் முடிகிறது. ஆகவே 1794 என்பவரும் 1795 என்பவரும் சண்டை போட வேண்டியதில்லை. 1794–95 என்று எழுதுவதே நேர்மை.

அரபு வரலாற்றாசிரியர் தபரீ மாதிரி ஆண்டுவாரியாக எழுதிய வரலாறுகளில் நாளும் கிழமையும் சேர்ந்து வரும்போது கிழமையை நம்புங்கள். பிறை பார்த்ததில் தேதி ஒருநாள் நகரும், கிழமை நகராது. அதிலும் ஹிஜ்ரி நாள் சூரியன் மறைந்ததும் தொடங்குவதால், 'வெள்ளி இரவு' என்றால் நமக்கு வியாழன் இரவு. பள்ளிவாசல் நோட்டீஸ்களில் 'வியாழன் பின்னேரம் வெள்ளி இரவு' என்று போடுவது இதனால்தான்.