காலை வெப்பநிலையும் தைராய்டும்

கண் விழித்ததும், எழுவதற்கு முன்பே, உடல் வெப்பத்தை அளந்து குறித்துவைக்கிறேன். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி மந்தமாக இருக்கிறதா என்று கணிக்க, அமெரிக்க மருத்துவர் புரோடா பார்ன்ஸ் 1942-இல் எழுதி, பின்னர் பரவலான முறை இது. தைராய்டு சுரப்பு குறைந்தால் வளர்சிதை மாற்றம் மந்தமாகி உடல் குளிர்வது உண்மைதான். ஆனால் தூக்கம் கெட்டாலும் எண் மாறும். பெண்களுக்குக் கருமுட்டை வெளியான பின் 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை கூடுவதும் இயல்பு.

36.2 என்று பார்த்த மாத்திரத்தில் தாமாகவே தைராய்டு மாத்திரையைத் தொடங்குகிறவர்களை நினைத்தால் மனம் பதறுகிறது. தேவையின்றி விழுங்கினால் இதயத் துடிப்பு தடுமாறும், எலும்பு வலுவிழக்கும். தயவுசெய்து வேண்டாம்! தைராய்டின் நிலையைச் சொல்வது டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்), டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) இரத்தப் பரிசோதனைகள். தீராத சோர்வும் குளிரும் இருந்தால் குறிப்பேட்டுடன் மருத்துவரைப் பாருங்கள்.