என்னம்மா போட்டு அரைச்சீங்க?

பத்து மாதம் சட்னி அரைத்துக் கொடுத்த மிக்ஸி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கருகிய வாடையோடு நின்றுபோனது. அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. ஜெர்மனியில் ஞாயிறன்று கடைகளும் கிடையாது. அன்றைக்குப் பொடியும் நல்லெண்ணெயும்தான்.

மறுநாள் வேலை முடிந்ததும் மிக்ஸியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, ஸ்டுட்கார்ட்டில் அதை வாங்கிய கடைக்குக் கிளம்பினேன். ரயிலில் போகும்போதே ஜெர்மன் வாக்கியங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துவைத்தேன். மஞ்சள் கிழங்கு போடவில்லை. தேங்காயைச் சின்னதாகத்தான் நறுக்கிப் போட்டேன். மோட்டாருக்குள் தண்ணீர் போகவில்லை.

கவுண்டரில் இருந்த பெண் இரண்டே கேள்விதான் கேட்டார். எப்போது வாங்கினீர்கள், என்ன ஆயிற்று. பில்லில் எழுத்து மங்கிப் போயிருந்தது. வங்கிக் கணக்கில் பணம் போன வரியைக் கைபேசியில் காட்டினால் போதும் என்றார். அப்புறம், "சரிசெய்து தரட்டுமா, புதிது வேண்டுமா?" என்றார். எதை அரைத்தேன் என்று கேட்கவே இல்லை. புது மிக்ஸியோடு ரயில் நிலையத்தில் நின்றபோது கண் கலங்கிவிட்டது. அம்மாவை நினைத்துத்தான்.

மதுரையில் எங்கள் வீட்டுக்கு ஆடித் தள்ளுபடியில் ஒரு மிக்ஸி வந்தது. அப்போது நான் ஆறாம் வகுப்பு. மூன்றே மாதத்தில் ஓடவில்லை. "எங்க கையில ஒண்ணுமில்லம்மா, சர்வீஸ் சென்டருக்குப் போங்க" என்றார் கடைக்காரர். பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சடித்திருந்தது. அம்மா மிக்ஸியை ஒயர் கூடையில் தூக்கிக்கொள்ள, ஜார் இருந்த பையை நான் பிடித்துக்கொள்ள, இரண்டு பஸ் மாறிப் போனோம். அங்கிருந்தவர் அடிமூடியைக் கழற்றியதும் முதலில் கேட்டது இதுதான்: "என்னம்மா போட்டு அரைச்சீங்க?"

"சட்னிதான் தம்பி."

அவர் நம்பவில்லை. வாரண்டி அட்டையில் கடை சீல் இல்லை, போய் வாங்கி வாருங்கள் என்றார். திரும்பவும் இரண்டு பஸ். ஏதோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டவரைப் போல அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்த அட்டைப்பெட்டியையும் எறிந்ததில்லை. பரண் முழுக்கப் பெட்டிகள். பீரோவில் புடவைக்கு அடியில் வாரண்டி அட்டைகள், ஒவ்வொன்றிலும் அம்மா கையால் எழுதிய தேதி.

ஸ்டுட்கார்ட் கடையில் ஏன் அப்படி எதுவும் கேட்கவில்லை என்று அலுவலக நண்பர் ஒருவர்தான் விளக்கினார். இங்கே இரண்டு சொல் உண்டு. கரன்டீ என்பது தயாரித்தவர் தானாக விரும்பித் தருவது, நிபந்தனையும் அவருடையது. கெவேர்லைஸ்டுங் என்பது விற்ற கடையின் மேல் சட்டம் வைக்கும் பொறுப்பு. புதுப் பொருளுக்கு 2 ஆண்டு. முதல் 12 மாதத்துக்குள் பழுது தெரியவந்தால், அது வாங்கும்போதே இருந்த குறை என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று கடைதான் நிரூபிக்க வேண்டும். 2022-க்கு முன் இது 6 மாதமாக இருந்தது. பழுது பார்ப்பதா, மாற்றுவதா என்று முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்கியவருக்கு. அனுப்பும் செலவும் கடையுடையது.

எல்லாமே இங்கே சுலபம் என்று சொல்லமாட்டேன். 'தயாரிப்பாளருக்கு அனுப்புங்கள்' என்று கைவிரிக்கும் கடைகள் இங்கேயும் உண்டு. ஓர் ஆண்டு தாண்டினால் நிரூபிக்கும் சுமை நம் தலைக்கு வந்துவிடும். நேரில் வாங்கிய ஸ்வெட்டரின் நிறம் பிடிக்கவில்லை என்று போனால், திரும்ப எடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை. இணையத்தில் வாங்கினால்தான், காரணம் சொல்லாமலே திருப்பிக் கொடுக்க 14 நாள் உண்டு. ஆனாலும் முதல் வருடம் என் வார்த்தையை நம்பித்தான் பேச்சே தொடங்குகிறது. எனக்கு அது பெரிய விஷயம்.

நம் ஊரிலும் சட்டம் இல்லாமல் இல்லை. பழுதான பொருளை, பில்லில் போட்ட காலத்துக்குள், அப்படி எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. 1915 என்ற எண்ணுக்கு அடித்துப் புகார் சொல்லலாம். அதற்கு முந்தைய சட்டம் 1986-லேயே வந்துவிட்டது. அம்மா அந்த ஒயர் கூடையோடு நின்றபோதும் அது இருந்தது. யாரும் அவரிடம் சொல்லவில்லை. எனக்கு அதுதான் ஆறவில்லை.

இங்கே வந்து ஐந்து வருடம். எந்தக் குப்பை எந்தத் தொட்டிக்கு என்று யோசிக்காமலே கை போகிறது. ஊர் பழகிவிட்டது. ஆனால் நிலவறை அலமாரியில் மட்டும் மேலிருந்து கீழ்வரை காலி அட்டைப்பெட்டிகள்.

அன்றிரவு அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"அட்டைப்பெட்டி கேட்டாங்களா?"

"இல்லம்மா."

"சீல்?"

"அதெல்லாம் வேண்டாமாம்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நீ சட்னிதானே அரைச்ச?"