பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போனோம்

பெத்லகேம் போகும் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? குலுக்கலில் விழுந்த ஆளுக்குப் பெயர் சொல்லாமல் பரிசு கொடுக்கும் ஆபீஸ் சீக்ரெட் சாண்டாவுக்கு 500 ரூபாய்க்குள் என்ன கிடைக்கும் என்று பஸ் வைஃபையில் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் அம்மா செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாம் சந்தோஷ தேவ இரகசியம், இயேசு பிறந்தது. அதை முணுமுணுத்துக்கொண்டே என் போனை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

2018 டிசம்பர் முதல் வாரம் அது. தூத்துக்குடிப் பக்கத்தில் எங்கள் கோயில் பங்கிலிருந்தும் சுற்றுப் பங்குகளிலிருந்தும் நாற்பது சொச்சம் பேர், கூட ஒரு ஃபாதர். அம்மா சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில் தன் டிக்கெட்டை எடுத்தாள், துணைக்குப் போகிற சாக்கில் நானும் ஒட்டிக்கொண்டேன். ஜோர்டானின் அம்மான் நகர் வரை விமானம், அங்கிருந்து பஸ், எல்லையில் மணிக்கணக்காக வரிசை. அதையெல்லாம் விடுங்கள், போய் வந்த எல்லோரும் சொல்லியிருப்பார்கள்.

எருசலேமிலிருந்து பெத்லகேம் பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை. நடுவில் வானத்தை மறைத்துக்கொண்டு ஒரு கான்கிரீட் சுவர், அதில் ஒரு சோதனைச் சாவடி. அதுவரை கூட வந்த கைடு இறங்கிக்கொள்ள, பெத்லகேம்காரர் ஒருவர் ஏறிக்கொண்டார். கிறிஸ்தவர், அரபு பேசுகிறவர். ஏறியவுடன் அவர் சொன்ன முதல் விஷயம், இயேசு பிறந்த இடத்துக் கோயிலில் இப்போது கூட்டம் அதிகம், அதனால் முதலில் ஷாப்பிங் போய்விடலாம் என்பது.

பஸ்ஸில் ஒரு சின்ன முணுமுணுப்பு. ஆனால் கடை வந்ததும் முணுமுணுத்தவர்கள்தான் முதலில் இறங்கினார்கள்.

ஒலிவ மரச் சாமான் கடை. உள்ளே நுழைந்தவுடன் மரவாசனை, மெழுகு வாசனை. கட்டை விரல் அளவிலிருந்து இடுப்பு உயரம் வரை இயேசு பிறப்புக் குடில் செட்டுகள், ஒட்டகங்கள், சிலுவைகள், சின்னச் சின்னக் கண்ணாடிச் சீசாக்களில் எண்ணெய், மண், தண்ணீர். விலையெல்லாம் டாலரில். என்னைப் பார்த்த கடைப் பையன் "இந்தியா? கேரளா?" என்று கேட்டான், தமிழ்நாடு என்றேன், ஆனாலும் விடாமல் "சுகமாணோ" என்றான். பன்னிரண்டு செபமாலை வாங்கினால் இரண்டு இலவசம். எங்கள் ஊர் ஜவுளிக்கடை தோற்றது! இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம், பிறந்த இடத்தைப் பார்க்கும் முன்பே பில் போட வைக்கிறார்களே என்று எரிச்சல் எரிச்சலாக வந்தது. எரிச்சல்பட்டுக்கொண்டே ஒரு குடில் செட்டும் இரண்டு டஜன் செபமாலையும் வாங்கினேன். அம்மா மட்டும் வாசல் பக்கம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். எதுவும் வேண்டாமா என்று கேட்டதற்கு, "பார்க்கப் போற ஆளைப் பார்த்துட்டு வந்து பார்ப்போம்யா" என்றாள்.

கோயில் இருப்பது ஒரு சதுக்கத்தில். எதிரே உமர் பள்ளிவாசல், நடுவே உச்சியில் நட்சத்திரம் வைத்த பெரிய கிறிஸ்துமஸ் மரம், சுற்றிலும் சாண்டா தொப்பி விற்கும் பையன்கள். இந்தக் கோயிலை நான்காம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் காலத்தில் கட்டினார்கள், ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் காலத்தில் திரும்பக் கட்டினார்கள். அவ்வளவு பெரிய கோயிலுக்கு வாசலைத் தேட வேண்டியிருக்கிறது. நாலடி உயரம் இருந்தால் அதிகம். பழைய பெரிய வளைவு சுவரில் தெரிகிறது, அதைக் கல் வைத்து அடைத்து அடைத்துச் சின்னதாக்கியிருக்கிறார்கள். குதிரையும் வண்டியுமாக உள்ளே புகுந்துவிடக் கூடாது என்பதற்காகவாம். இப்போது அதைத் தாழ்மையின் வாசல் என்கிறார்கள். ராஜாவானாலும் குனிந்துதான் போக வேண்டும் என்று ஃபாதர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே நான் குனிந்தேன், தலை போய்விட்டது, தோளில் மாட்டியிருந்த கடைப் பை போகவில்லை. நிலைக்கல்லில் இடித்து மாட்டிக்கொண்டது. முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் நான் முழிக்க, பின்னாலிருந்த கொரியப் பாட்டி ஒருவர் பையைப் பிடித்துத் திருப்பி உள்ளே தள்ளினார். குடிலில் ஒட்டகத்தின் கால் உடைந்துபோனது ஓட்டலுக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

உள்ளே சிவந்த கல்தூண்கள், குளிர், ஒன்றரை மணி நேர வரிசை. ஒரே மாதிரித் துணியில் சட்டையும் பாவாடையும் தைத்துப் போட்ட நைஜீரியப் பெண்கள் பாடிக்கொண்டே நின்றார்கள். எங்கள் ஆட்கள் இடையில் யார் நுழைகிறார்கள் என்று கணக்கெடுத்துக்கொண்டு நின்றார்கள், ரேஷன் கடைப் பழக்கம்.

பீடத்துக்குக் கீழே, படியிறங்கினால் குகை. பீடத்தின் அடியில் தரையில் பதித்த வெள்ளி நட்சத்திரம், 14 முனை. கன்னி மரியாவிடமிருந்து இயேசு கிறிஸ்து இங்கே பிறந்தார் என்று லத்தீனில் எழுதியிருக்கிறது. மேலே 15 விளக்குகள், அதில் ஆறு கிரேக்கத் திருச்சபையுடையவை, ஐந்து ஆர்மீனியத் திருச்சபையுடையவை, நான்கு கத்தோலிக்கர்களுடையவை. விளக்கில்கூடப் பாகப்பிரிவினை. 1847இல் இந்த நட்சத்திரம் திருடு போனது, புனித இடங்கள் யாருக்குச் சொந்தம் என்ற அந்தச் சண்டை வளர்ந்துதான் கிரிமியப் போருக்கு ஒரு காரணமானது. 2011 டிசம்பரில் கோயிலைச் சுத்தம் செய்யும்போது கிரேக்கத் துறவிகளும் ஆர்மீனியத் துறவிகளும் துடைப்பத்தால் அடித்துக்கொண்டார்கள். கிறிஸ்துமஸைக் கடைக்காரன்தான் கெடுத்தான் என்று பேசும்போதெல்லாம் எனக்கு அந்தத் துடைப்பம் ஞாபகம் வருகிறது.

எங்கள் முறை வந்தது. ஆளுக்குச் சில விநாடிதான். அம்மா முழங்காலிட்டு, அப்படியே பீடத்துக்கு அடியில் தலையைக் கொடுத்து, நட்சத்திரத்தின் நடுவிலிருக்கும் ஓட்டையில் கையை வைத்தாள். நான் போனை எடுத்து மூன்று படம் எடுத்தேன். போகலாம் போகலாம் என்று காவலர் கையைத் தட்டினார். நான் குனிந்து நட்சத்திரத்தைத் தொட்டேனா, தொட்டேன். அந்த நேரத்தில் என் மனதில் என்ன இருந்தது என்று கேட்டால், படம் சரியாக விழுந்ததா என்பதுதான்.

விழவில்லை. மூன்றிலும் அம்மாவின் உள்ளங்கால்கள்தான் இருந்தன. வெடித்த குதிகால், ஓரத்தில் சேலைக் கரை, அதற்கு அப்பால் ஒரே இருட்டு.

வெளியே வந்து, "என்னம்மா வேண்டிக்கிட்ட?" என்று கேட்டேன். தங்கைக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தோம், அதைத்தான் சொல்வாள் என்று நினைத்தேன்.

"ஒண்ணும் வேண்டல. பிள்ளை பெத்த வீட்டுக்குப் போயி எனக்கு அதைத் தா இதைத் தான்னா கேப்பாவ? பார்த்துட்டு வந்தேன்." கொஞ்ச தூரம் நடந்தபின், "கையில ஒண்ணும் கொண்டுபோகலியேன்னுதான் சங்கடமா இருந்துச்சு" என்றாள்.

பிள்ளை பிறந்த வீடு. எத்தனை பிரசங்கம் கேட்டிருப்பேன், எனக்கு இது இப்படித் தோன்றியதே இல்லை.

மத்தியானம் பெய்த் சாகூர் போனோம், இயேசு பிறந்த சேதியை வானதூதர் இடையர்களுக்குச் சொன்னதாக நம்பப்படும் இடையர் வயல். கூடாரம் மாதிரி ஒரு சிற்றாலயம், 1950களில் பர்லுசி என்ற இத்தாலியக் கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. பக்கத்தில் புகை படிந்து கறுத்த குகைகள். அதில் ஒன்றில் எங்களுக்குத் திருப்பலி. ஃபாதர் திடீரென்று 'உன்னதங்களிலே' பாட ஆரம்பித்ததும் அம்மாவுக்கு ஒரே குழப்பம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் அந்தப் பாட்டு கிடையாது, ஊதா உடுப்பு, காத்திருக்கிற காலம். முடிந்தபின் நேராகப் போய்க் கேட்டேவிட்டாள். இங்கே வருஷம் முழுக்க எந்த நாளில் வந்தாலும் கிறிஸ்துமஸ் திருப்பலிதான் வைப்பார்களம்மா என்றார் ஃபாதர்.

அப்புறம் யோசித்துப் பார்த்தால், கடைகளும் கிட்டத்தட்ட அதையேதான் செய்கின்றன. நவம்பர் பாதியிலேயே மாலில் மரம் ஏறிவிடுகிறது, டிசம்பர் 20க்குள் ஆபீஸில் கேக் வெட்டி, தொப்பி போட்டு, குலுக்கல் நடத்தி எல்லாம் முடிந்துவிடுகிறது. 24 இராத்திரி கோயிலுக்குப் போகும்போது நமக்குக் கிறிஸ்துமஸ் அலுத்தே போயிருக்கிறது. 26ஆம் தேதி அதே கடையில் ஸ்டாரெல்லாம் பாதி விலை. திருச்சபைக் கணக்கு நேர் எதிர், நான்கு ஞாயிறு காத்திருந்து 25இல்தான் ஆரம்பம், பிறகு மூன்று ராஜாக்கள் திருநாள், ஆண்டவரின் திருமுழுக்கு என்று ஜனவரி வரை ஓடும். பெத்லகேமில் இன்னும் நீளம், டிசம்பர் 25 நமக்கு, ஜனவரி 7 கிரேக்கர்களுக்கு, ஜனவரி 18, 19 ஆர்மீனியர்களுக்கு. காத்திருப்பதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் சீசன்தான் என்பது என் கட்சி. தள்ளுபடி விற்பனையில் யாரும் காத்திருப்பதை விற்பதில்லை.

திரும்பும் வழியில் பஸ்ஸிலிருந்தே கைடு ஒரு மேட்டைக் காட்டினார். பெய்த் ஜாலா. புனித நிக்கோலாஸ் அங்கே ஒரு குகையில் தங்கியிருந்தார் என்று ஊர்க்காரர்கள் நம்புகிறார்கள், அவர் பெயரில் கோயிலும் இருக்கிறது. கிறிஸ்துமஸ் தாத்தாவாக மாறிப்போன அதே ஆயர்தான். அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதை என்ன? வரதட்சணை கொடுக்க வழியில்லாத ஒருவருக்கு மூன்று பெண்கள், அந்த வீட்டுக்குள் இராத்திரியில் யாருக்கும் தெரியாமல் பொன் முடிப்பைப் போட்டுவிட்டுப் போனார். கதை நம் தெருவில் நடந்தது மாதிரி இல்லையா! யார் கொடுத்தது என்று தெரியாமல் கொடுப்பது. அதைத்தான் நாங்கள் சீக்ரெட் சாண்டா என்ற பெயரில், 500 ரூபாய்க்கு மிகாமல் செய்துகொண்டிருக்கிறோம்.

இடையர் வயலில் இன்னொன்றும் நடந்தது, சொல்ல விட்டுப்போனது. எல்லோரும் குரூப் போட்டோவுக்கு நிற்கையில் அம்மாவைக் காணோம். தேடிப் போனால், ஒரு பாறை ஓரமாகக் குத்த வைத்து, காய்ந்த புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கைக்குட்டையில் வைத்துக்கொண்டிருந்தாள். "இது எதுக்கு?" "குடிலுக்கு." ஒரு பிடிகூட இராது.

எங்கள் வீட்டில் சின்ன வயதில் ஒரு வழக்கம் உண்டு. திருவருகைக் காலத்தில் ஒரு நல்ல காரியம் செய்தால், சண்டை போடாமல் இருந்தால்கூடப் போதும், குடிலில் ஒரு வைக்கோல் துரும்பைப் போடலாம். பாலன் படுக்க மெத்தை சேர்க்கிறோம். 24 நள்ளிரவு வரை தொட்டி காலியாக இருக்கும், பூசை முடிந்து வந்துதான் சொரூபத்தை வைப்பாள் அம்மா. ஒரு வருஷம் தங்கைக்கும் எனக்கும் நடந்த சண்டைகளில் மொத்தம் நாலே துரும்பு. அந்த நாலு துரும்பின் மேலேயே வைத்தாள். குடிலைச் சுற்றி முளைக்கப் போட்ட கேழ்வரகு பச்சையாக நிற்கும், அதுதான் புல்தரை. எப்போது சீரியல் லைட்டும் தெர்மாகோல் மலையும் வந்தது, எப்போது துரும்பு போனது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை.

1223இல் புனித பிரான்சிஸ் கிரெச்சோ என்ற இத்தாலியக் கிராமத்தில் முதன்முதலில் குடில் அமைத்தபோதும் அங்கே இருந்தது ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், மாடு, கழுதை, அவ்வளவுதான். அந்த வைக்கோலை எடுத்து வைத்திருந்து நோய் கண்ட ஆடு மாடுகளுக்குக் கொடுத்தார்கள் என்று அவருடைய பழைய வரலாற்றில் எழுதியிருக்கிறது. இதை அம்மாவிடம் சொன்னேன். "பின்ன, தூரவா போடுவாவ?" என்றாள்.

கைக்குட்டைப் புல் ஊருக்கு வந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் போனது. டிசம்பர் 24 இராத்திரி வெளியே வரும், ஜனவரியில் திரும்ப உள்ளே போகும். நான் டாலர் கொடுத்து வாங்கிய குடில் ஷோகேசில் இருக்கிறது, ஒட்டகம் மூன்று காலில் சுவரில் சாய்ந்து நிற்கிறது.

2023இல் காசாப் போரினால் பெத்லகேமில் கொண்டாட்டங்கள் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். சதுக்கத்தில் மரம் இல்லை, விளக்கு இல்லை, பயணிகளும் இல்லை. அங்குள்ள லூத்தரன் கோயிலில் உடைந்த கான்கிரீட் குவியலின் நடுவே குழந்தை இயேசுவைக் கிடத்தியிருந்தார்கள். அந்தப் படத்தை அம்மாவுக்குப் போனில் காட்டினேன். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். அப்புறம், "அந்தக் கடைப் பையன் என்ன செய்வான், பாவம்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அன்று அவ்வளவு எரிச்சல்பட்டேனே, அந்த ஊரில் பாதிப் பேருக்கு அடுப்பு எரிவது நாங்கள் வாங்குகிற மர ஒட்டகத்தில்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவனும் என்னைப்போல 25ஆம் தேதி கோயிலுக்குப் போகிறவனாகக்கூட இருக்கலாம்.

அந்த வருஷம் அம்மா குடில் கட்டினாள், கேழ்வரகு முளைக்கப் போட்டாள். நள்ளிரவுப் பூசை முடிந்து வந்து டின்னைத் திறந்து புல்லைப் பரப்பினாள், பாலனை வைத்தாள். சீரியல் லைட் மட்டும் பரணில் இருந்து இறங்கவே இல்லை. நானும் கேட்கவில்லை.

காலையில் எதிர்வீட்டு அக்கா, எங்கள் வீட்டுப் பலகாரத்துக்காக எங்களைவிட அதிகமாகக் காத்திருக்கிறவர், வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "என்ன பெரியம்மா, இராத்திரி உங்க வீடு மட்டும் இருட்டாக் கிடந்துச்சு? ஃபியூஸ் போயிருச்சா?"

"இல்லடி. பிள்ளை பெத்த வீட்டுல இந்த வருஷம் லைட் போடல" என்று சொல்லி, அம்மா அதிரசத் தட்டை அவர் கையில் கொடுத்தாள்.