க்ரம்: எஸ் சேர்ந்தால் ஓர் அர்த்தம், சேராவிட்டால் வேறொன்று

பிஸ்கட்டை ஒடித்தால் தட்டில் உதிரும் துணுக்குகளுக்கு ஆங்கிலத்தில் க்ரம்ஸ் (crumbs) என்று பெயர். பள்ளியில் படிக்கும் அர்த்தம் இதுதான். இதை மட்டும் வைத்துக்கொண்டு ஆங்கில பேக்கிங் குறிப்பு ஒன்றைப் படிக்க உட்கார்ந்தால் சீக்கிரமே முட்டிக்கொள்ளும். "டெண்டர் க்ரம்", "ஓப்பன் க்ரம்", "டைட் க்ரம்" என்றெல்லாம் வரும். "திறந்த துணுக்கு" என்று தமிழில் எழுதி வைத்தால் யாருக்கு என்ன புரியும்?

அங்கே க்ரம் என்பது உதிர்ந்த துணுக்கே அல்ல. ரொட்டியை வெட்டினால் வெளிப்புறம் பழுப்பாக, விறைப்பாக இருப்பது க்ரஸ்ட். அதற்கு உள்ளே துளைதுளையாக, மெத்தென்று இருக்கும் பாகம் முழுவதற்கும் பெயர் க்ரம். ஒரு துண்டுகூட உதிராத முழு ரொட்டிக்கும் க்ரம் உண்டு. இந்தப் பொருளில் அது எண்ண முடியாத பெயர்ச்சொல். பன்மை எஸ் சேராது.

இரண்டும் ஒரே குறிப்பில் வரும்போதுதான் கவனம் தேவை. கேக் வெந்துவிட்டதா என்று பார்க்கச் சொல்லும் வரியில், நடுவில் குத்திய பல்குச்சி "எ ஃப்யூ மாய்ஸ்ட் க்ரம்ஸ்" ஒட்டிக்கொண்டு வெளியே வர வேண்டும் என்று இருக்கும். குச்சியில் ஈரத் துணுக்குகள் இரண்டு மூன்று ஒட்டியிருந்தால் சரி. மாவு வழவழவென்று ஒட்டினால் இன்னும் வேகவில்லை என்று பொருள். அதே குறிப்பின் தலைப்பில் "மாய்ஸ்ட் க்ரம்" என்று போட்டிருப்பார்கள். அது ஆறிய கேக்கின் உட்பாகம் வறளாமல் இருக்கும் என்ற வாக்குறுதி. எஸ் என்ற ஓர் எழுத்தைத் தவறவிட்டால் சோதனை எது, பலன் எது என்பதே குழம்பிவிடும்.

ரொட்டி சுடுபவர்கள் உட்பாகத்தைப் பற்றிப் பேச நிறைய அடைமொழிகள் வைத்திருக்கிறார்கள். பெரிதும் சிறிதுமாகத் துளைகள் இருந்தால் ஓப்பன் க்ரம். மாவில் தண்ணீர் அதிகம், புளிக்க நீண்ட நேரம், காற்றை வெளியேற்றாமல் மெல்லக் கையாள்வது, இவை சேர்ந்தால்தான் அது கிடைக்கும். துளைகள் பொடியாக, ஒரே சீராக இருந்தால் டைட் க்ரம் அல்லது க்ளோஸ் க்ரம். சாண்ட்விச் ரொட்டிக்கு அதுதான் வேண்டும். இல்லாவிட்டால் தடவிய வெண்ணெய் துளை வழியே ஒழுகிவிடும். ஆகவே "டைட்" என்பதைக் குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குறையைச் சொல்லும் ஆங்கிலச் சொல் "கம்மி" (gummy). கத்தியில் பிசுபிசுவென்று ஒட்டும் உட்பாகம் அது. வெண்ணெய், முட்டை சேராத ரொட்டியின் உள்வெப்பம் 93 டிகிரி செல்சியஸைத் தொடுமுன் அடுப்பிலிருந்து எடுத்தாலும், ஆறுவதற்குள் வெட்டினாலும் இப்படி ஆகும். ஆற ஆறத்தான் உள்ளிருக்கும் மாவுச்சத்து இறுகி நிற்கும்.

எஸ் விதிக்கு ஒரு விலக்கு உண்டு. இன்னொரு பெயர்ச்சொல்லின் முன்னால் வந்து ஒட்டும்போது, துணுக்கு என்ற பொருளிலும் எஸ் உதிர்ந்துவிடும். டோஸ்டரின் அடியில் இழுத்துச் சுத்தம் செய்யும் தட்டு க்ரம் ட்ரே. கேக்கின் மேல் முதலில் பூசும் மெல்லிய ஐசிங் க்ரம் கோட். வெட்டிய கேக்கின் ஓரங்களில் உதிரும் துணுக்குகளை அந்தப் பூச்சு பிடித்து வைத்துக்கொள்ளும். அதைக் குளிர்சாதனப் பெட்டியில் 20 முதல் 30 நிமிடம் வைத்து, தொட்டால் விரலில் ஒட்டாத அளவுக்கு இறுகிய பிறகுதான் கடைசிப் பூச்சு. இதற்கென்று கொஞ்சம் ஐசிங்கைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துக்கொள்வது நல்லது. துணுக்கு ஒட்டிய கரண்டியைப் பெரிய கிண்ணத்தில் திரும்ப விட்டால் மொத்த ஐசிங்கும் புள்ளிபுள்ளியாகிவிடும்.

வினைச்சொல்லில் இன்னும் பெரிய பள்ளம் காத்திருக்கிறது. "க்ரம்ட்" என்றால் ரொட்டித்தூள் பூசியது. "க்ரம்பிள்ட்" என்றால் கையால் உதிர்த்தது. "க்ரம்ட் சீஸ்" என்பது தூள் பூசிப் பொரிக்கத் தயாராக இருக்கும் சீஸ் துண்டு. "க்ரம்பிள்ட் சீஸ்" சாலட் மேல் தூவுவது. பூசுவதற்கும் வரிசை உண்டு: முதலில் மைதா, பிறகு அடித்த முட்டை, கடைசியில் ரொட்டித்தூள். தூள் முட்டையில் ஒட்டும், முட்டை மைதாவில் ஒட்டும், மைதா உலர்ந்த பரப்பில்தான் ஒட்டும். துண்டின் மேல் ஈரம் இருந்தால் மைதா கட்டியாகி, பொரிக்கும்போது பூச்சு மொத்தமாகக் கழன்று வரும்.

இதே குறிப்புகளில், வெண்ணெயையும் மாவையும் "ப்ரெட்க்ரம்ஸ்" போல ஆகும்வரை விரல் நுனியால் பிசறச் சொல்லும் வரியும் வரும். அங்கே ரொட்டி எதுவும் சேர்ப்பதில்லை. மாவு உதிரியாக, குருணை குருணையாக நிற்க வேண்டும் என்பதற்கான அடையாளம் மட்டுமே. வெண்ணெய் உருகிக் கலவை உருண்டு திரண்டுவிட்டால் நேரம் கடந்துவிட்டது.

உச்சரிப்பில் பி ஒலிக்காது: க்ரம், க்ரம்ஸ். க்ரம்பிள் என்ற சொல்லில் மட்டும் பி கேட்கும். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் "க்ரூமா". அதில் பி கிடையாது. எழுத்தில் பிற்காலத்தில்தான் அது வந்து ஒட்டிக்கொண்டது. கட்டைவிரலைக் குறிக்கும் "தம்" என்ற சொல்லுக்கும் இதே கதைதான்.

எல்லாச் சிறு துண்டையும் க்ரம் என்று சொல்லிவிட முடியாது. பொலபொலவென்று உதிரும் பொருளுக்குத்தான் அது பொருந்தும். உடைந்த கண்ணாடிச் சில்லு ஷார்ட் (shard). விரலில் ஏறும் மரச் சிலாம்பு ஸ்ப்ளிண்டர். சுவரிலிருந்து செதிலாக உரியும் பெயிண்ட் ஃப்ளேக். கிழிந்த காகிதத் துண்டு ஸ்க்ராப். உணவுக்கு வெளியே க்ரம் உரிமையோடு நிற்கும் இடங்கள் சிலவே. பழைய டயரை அரைத்துக் கிடைக்கும் க்ரம் ரப்பர் ஒன்று. நல்ல மண்ணின் க்ரம் ஸ்ட்ரக்சர் இன்னொன்று. கையில் எடுத்து லேசாக அழுத்தினால் சிறு உருண்டைகளாக உதிரும் மண்ணைத்தான் அப்படிச் சொல்வார்கள். உருண்டைகளுக்கு நடுவில் காற்றும் நீரும் போக வழி இருப்பதால் வேர் சுலபமாக இறங்கும்.

உருவகமாக வரும்போது இந்தச் சொல்லில் எப்போதும் ஒரு குறைவு தொக்கி நிற்கும். "எ க்ரம் ஆஃப் கம்ஃபர்ட்" என்று சொன்னால் மற்ற எல்லாமே மோசம், இது ஒன்றுதான் ஆறுதல் என்று பொருள். நல்ல செய்திக்கு நடுவே அதைப் போட்டால் பொருந்தாது. பன்மையில் "க்ரம்ஸ்" என்றால் அடுத்தவர் தின்றது போக விழும் மிச்சம். பைபிளில் எஜமானின் மேஜையிலிருந்து விழுபவை பற்றி வரும் இடத்தில் தமிழ் மொழிபெயர்ப்பு "துணிக்கைகள்" என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது. எனக்கு மிகவும் பிடித்த தேர்வு அது. ஆதாரம் துளியும் இல்லை என்று சொல்ல மட்டும் க்ரம் வேண்டாம். அங்கே "ஷ்ரெட்" என்பதுதான் பழகிய சொல்.

வலைத்தளங்களில் பக்கத்தின் மேலே முகப்பு, பிரிவு, உட்பிரிவு என்று வரிசையாகத் தெரியும் இணைப்புகளுக்கு ப்ரெட்க்ரம் என்று பெயர். கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட தொகுப்பில் உள்ள ஹான்சல், கிரெட்டல் கதையிலிருந்து வந்தது. கதையில் வீடு திரும்ப அடையாளமாகப் பிள்ளைகள் காட்டு வழியில் போட்டுச்செல்லும் ரொட்டித் துணுக்குகளைப் பறவைகள் தின்றுவிடுவதால் அவர்கள் வழி தவறுகிறார்கள். அதற்கு முந்தைய முறை வீடு சேர்த்தவை கூழாங்கற்கள். பேர் நிலைத்தது என்னவோ ரொட்டித் துணுக்குக்குத்தான். "ப்ரெட்க்ரம்மிங்" என்பது புதிய வழக்கு: உறவில் ஈடுபாடு இல்லாமலே, ஆள் விலகிப் போய்விடாத அளவுக்கு அவ்வப்போது ஒரு குறுஞ்செய்தி, ஒரு லைக் என்று போட்டுக்கொண்டிருப்பது.