மாடி ரூம் சப்வூஃபர் டைரி

7 ஜூன் 2025, சனி

மாடி ரூம் பெயின்ட் வேலை ஒருவழியா முடிஞ்சுது. டேப் வச்சு அளந்தேன், நீளம் 18 அடி, அகலம் 12, உயரம் 10. நாலு பக்கமும் 9 இஞ்ச் செங்கல் சுவரு, மேலயும் கீழயும் கான்கிரீட். ஸ்கிரீன் ஒரு 12 அடி சுவத்துல, சோபா அதுலருந்து 12 அடி தள்ளி, நட்டநடுவுல. ஹோம் தியேட்டருக்கு ரிசீவர் (எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டுற ஆம்ப்) இருக்கு, அஞ்சு ஸ்பீக்கர் இருக்கு, பாக்கி சப்வூஃபர், அதான் அடி சத்தத்துக்குன்னு உள்ள தனி பெட்டி, அது மட்டும்தான்.

கடைசியா வாங்குறதால கை சுருங்கும், ஆனா வீட்லயே அதிகம் உழைக்கப்போற பெட்டி இதுதான். 5.1-ல (அஞ்சு ஸ்பீக்கர், ஒரு சப்) அந்த .1 இருக்கே, எல்.எஃப்.இ, அது அடி சத்தத்துக்குன்னு 120 ஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள தனி ட்ராக், மத்த சேனலவிட 10 டெசிபல் கூடவே ஒலிக்கணும்னு வச்சிருக்காங்க. முழு ரெஃபரன்ஸ் சவுண்டுல, அதான் தியேட்டர் அளவுல, மத்த ஸ்பீக்கரோட உச்சம் 105, இதுக்கு 115. அதுபோக ரிசீவர்ல எல்லா ஸ்பீக்கரையும் ஸ்மால்னு போட்டு கிராஸ்ஓவர, அதான் சத்தத்த பிரிச்சு அனுப்புற எல்லைய, 80-ல வச்சா, அஞ்சு ஸ்பீக்கரோட 80-க்கு கீழ உள்ள சுமையும் இது தலையிலதான் வந்து விழும்.

ராத்திரி உக்காந்து ரூம் மோட், அதான் சுவத்துக்கு சுவரு மோதி ரூமே தூக்கிக்குடுக்கிற சத்தம், எந்த ஹெர்ட்ஸ்லன்னு கணக்கு போட்டேன். ஒலியோட வேகம் செகண்டுக்கு 1130 அடி, அத நீளத்தோட ரெண்டு மடங்கால வகுத்தா போதும். நீளத்துக்கு 31 ஹெர்ட்ஸ், அகலத்துக்கு 47, உயரத்துக்கு 56. பெட்டி எதுவும் வாங்குறதுக்கு முன்னாடியே ரூம் எங்க எங்க பாடப்போகுதுன்னு தெரிஞ்சுபோச்சு.

8 ஜூன், ஞாயிறு

மாப்ள அவன் வீட்டு 12 இஞ்ச் போர்ட்டட் (காத்து ஓட்டை வச்ச) சப்ப ஆட்டோல போட்டு கொண்டாந்துட்டான், கூடவே யூமிக்-1ங்கிற அளவெடுக்கிற மைக்கும். மைக்க சோபால காது இருக்கிற உயரத்துல ஸ்டாண்டுல நிறுத்தி, தலைய மேல பாத்த மாதிரி வச்சு, அதுக்குன்னு உள்ள 90 டிகிரி கேலிபரேஷன் ஃபைல லோட் பண்ணி, லேப்டாப்லருந்து எச்.டி.எம்.ஐ. போட்டு ஆர்.இ.டபிள்யூ.ங்கிற ரூம் அளக்குற சாப்ட்வேர்ல ஸ்வீப், அதான் அடிலருந்து மேல வரைக்கும் ஏறிப்போற டோன், ஓட்டினோம். சாப்ட்வேர் இலவசம்தான், மைக்குக்கு மட்டும்தான் காசு.

சப்ப எல்லாரும் சொல்ற மாதிரி முன்பக்க மூலைல வச்சோம். 31 கிட்ட கிராப் ஒரு மேடு ஏறுது, 47 கிட்ட வந்தா நடு சீட்டுல பெரிய பள்ளம். அதே மைக்க ரெண்டரை அடி இடதுபக்கம், வீட்டுக்காரி உக்கார்ற இடத்துக்கு நகத்தினா பள்ளம் கிட்டத்தட்ட காணோம். காரணம் நேத்து போட்ட கணக்குலயே இருக்கு. 47 அகலத்தோட மோடு, அகலத்துக்கு நட்டநடுவுலதான் அதோட நல் (null), அதான் சத்தம் அழிஞ்சுபோற இடம், அங்கதான் நம்ம ராஜ சிம்மாசனம்.

காதுல கேட்டா இன்னும் நல்லா புரிஞ்சுது. எண்பதுகள் பாட்டு ஒண்ணு போட்டோம், பேஸ் கிட்டார் படி இறங்குற மாதிரி வர்ற இடம். பேஸ் கிட்டாரோட அடி கம்பி இ, 41 ஹெர்ட்ஸ். எஃப் ஷார்ப் 46. ஜீ, எஃப் ஷார்ப், எஃப், இ-ன்னு இறங்கும்போது எஃப் ஷார்ப் மட்டும் விரல் படாத மாதிரி அமுங்கிருது, அடுத்த நோட்டு திரும்ப கேக்குது. எழுந்து இடப்பக்கம் உக்காந்தா அந்த நோட்டு திரும்பி வந்துருது. மாப்ள நாலு தடவ எந்திரிச்சு உக்காந்தான், எங்கம்மா காபி கொண்டாந்தவங்க எங்களப் பாத்துட்டு ஒண்ணும் கேக்காம போயிட்டாங்க.

அப்பா ஈசி சேர் பின்சுவர் மூலைல கிடக்கு. அங்க 31 அப்படியே நெஞ்ச புடிச்சு அமுக்குது. அவருக்கு அது பிடிச்சிருக்குன்னு சொல்றாரு, அது வேற கத.

14 ஜூன், சனி

ஷோரூம் ஒண்ணுக்கு போனோம். 15 இஞ்ச் போர்ட்டட், சின்ன பிரிட்ஜ் சைசு. ஹெலிகாப்டர் சீன் போட்டாரு, சட்ட பட்டன் ஆடுது. "ஒண்ணே ஒண்ணு போதும் சார், ரெண்டு வச்சா ஒண்ணுக்கொண்ணு கேன்சல் ஆகும்"னாரு. தரை பூரா கார்ப்பெட், சுவத்துல பேனல், இடம் எங்க ரூம் மாதிரி ரெண்டு இருக்கும். அங்க நல்லா கேக்குதுங்கிறதுல எனக்கு சந்தேகமே இல்ல. எங்க ரூம் மூலைல அத வச்சா 47 பள்ளம் அப்படியேதான் இருக்கும், 15 இஞ்சுங்கிறதால நிரம்பிறாது. ஈக்யூ, அதான் வேண்டிய ஹெர்ட்ஸ மட்டும் ஏத்தி இறக்குற வசதி, போட்டு நிரப்பலாமேன்னா, நல் இருக்கிற எடத்துல எவ்வளவு வாட்ஸ் ஊத்தினாலும் அந்த அளவுக்கு அழிஞ்சிரும், ஆம்ப் சூடாகிறதுதான் மிச்சம்.

பெரிய கோனுக்கு மதிப்பு இல்லன்னு சொல்லல. ஒரு ஆக்டேவ் கீழ போனா, அதான் ஹெர்ட்ஸ் பாதியானா, அதே சத்தத்துக்கு நாலு மடங்கு காத்த தள்ளணும். 8 இஞ்ச் பெட்டில 20 ஹெர்ட்ஸ் கேக்குதுன்னு விக்கிறவங்க இந்த கணக்க மட்டும் சொல்ல மாட்டாங்க.

20 ஜூன், வெள்ளி

முழுசா மூடின சீல்டு பெட்டியா, ஓட்டை வச்ச போர்ட்டடா. போர்ட்டட் பெட்டி அதோட ஓட்டைய ட்யூன் பண்ணின ஹெர்ட்ஸ் வரைக்கும் நல்லா இழுக்கும், அதுக்கு கீழ ஆக்டேவுக்கு 24 டெசிபல்னு சரிஞ்சிரும். சீல்டு முன்னாடியே இறங்க ஆரம்பிக்கும், ஆனா 12 டெசிபல் சரிவுதான். இங்கதான் நம்ம வீட்டு சுவரு கணக்குல வருது. யூடியூப்ல பாக்கிற அமெரிக்கா ஆளுங்க ரூம் எல்லாம் மரச்சட்டத்துல ஜிப்சம் போர்டு அடிச்சது, அது அதிர்ந்து அதிர்ந்து லோ பேஸ முழுங்கிரும், பாதி வெளிய போயிரும். நம்மது செங்கலும் கான்கிரீட்டும், அவ்வளவா வெளிய போறதில்ல. அதனால மோடுகளோட மேடு பள்ளம் அவங்களவிட நமக்கு மோசம், ஆனா முதல் மோடு 31-க்கு கீழ கதவ சாத்திட்டா ரூமே தூக்கிவிடும். சீல்டு பெட்டி சரியற பக்கம் ரூம் ஏத்திவிடுது, ரெண்டும் ஓரளவுக்கு பொருந்திரும். அவங்க சொல்ற "கண்டிப்பா போர்ட்டட்தான்"ங்கிறத அப்படியே இங்க எடுத்துக்கறதுல எனக்கு உடன்பாடு இல்ல.

29 ஜூன், ஞாயிறு

ஆர்.இ.டபிள்யூ.குள்ளயே ரூம் சிம்முன்னு ஒண்ணு இருக்கு, அளவு குடுத்து பெட்டிய மவுஸால இழுத்து இழுத்து பாக்கலாம். மத்தியானம் பூரா அதான்.

ஹார்மன்ங்கிற ஆடியோ கம்பெனில டாட் வெல்டின்னு ஒருத்தர் 2002-லயே இத ஆராஞ்சு எழுதிட்டாரு. செவ்வக ரூமுல நாலு சுவரோட நடுவுலயும் ஒவ்வொண்ணுன்னு நாலு சப் வச்சா சீட்டுக்கு சீட்டு வித்தியாசம் நல்லா குறையுது, எதிரெதிர் சுவர் நடுவுல ரெண்டு வச்சாலே கிட்டத்தட்ட அந்த அளவுக்கு வந்துரும், நாலுக்கு மேல போயி பெருசா லாபம் இல்லன்னு. சிம்முல போட்டு பாத்தா எங்க ரூமுக்கும் அதேதான். முன்சுவர் நடுவுல ஒண்ணு, பின்சுவர் நடுவுல ஒண்ணு. ரெண்டும் அகலத்துக்கு நடுவுல நிக்கிறதால 47-ஐ கிளப்பவே கிளப்பாது. நீளத்தோட 31-ஐ ரெண்டு பெட்டியும் எதிரெதிரா தள்ளி அடக்கிரும். நீளத்துல மிச்சம் நிக்கிறது அதோட ரெண்டு மடங்கு 63, அத ரெண்டும் சேந்து தூக்கும், ஆனா மேடுதானே, ஈக்யூல வெட்டிக்கலாம்.

கடைக்காரர் சொன்ன அதே கேன்சல்தான், நமக்கு வேண்டியத கேன்சல் பண்ணுது.

இதுக்கு ஒரு விலை உண்டு. 31-ல ரூம் சும்மா குடுத்த சத்தம் போயிரும், அத பெட்டிங்களே குடுக்கணும். அதான் 8, 10 இஞ்சுல ரெண்டு வாங்காம 12-லயே ரெண்டுன்னு முடிவு.

12 ஜூலை, சனி

எஸ்.வி.எஸ். எஸ்.பி-1000 ப்ரோ, ரெண்டு. 12 இஞ்ச் சீல்டு, 325 வாட்ஸ், உயரம் பதிமூணரை இஞ்சு. ஸ்கிரீனுக்கு கீழயும் போகும், சோபாவுக்கு பின்னாடி பால்கனிக்கு போற வழியையும் அடைக்காது. போர்ட்டட்ல அதே அளவு டிரைவர் உள்ளத பின்னாடி வச்சா நடக்க முடியாது, வீட்டுக்காரி டேப் வச்சு அளந்தே காமிச்சுட்டா. "ஆடி பொறக்கப்போகுது, இப்ப வேணாம், ஆடி பதினெட்டுக்கு வீட்டுக்கு வரட்டும்"னு எங்கம்மா. பணத்த மட்டும் கட்டியாச்சு.

19 ஜூலை, சனி

பின்சுவத்துக்கு ஒயர் கொண்டுபோகணும். எலக்ட்ரீசியன் அண்ணே சுவத்த வெட்டிருவோம் தம்பின்னாரு, புது பெயின்ட், மனசு வரல. ஸ்கர்ட்டிங் மேலயே கேசிங் பட்டி அடிச்சு அதுக்குள்ள ஆர்.ஜி-6, அதான் டிஷ்ஷுக்கு இழுக்கிற அதே கேபிள், ரெண்டு முனைலயும் ஆர்.சி.ஏ. பின் போட்டாச்சு. சப்வூஃபர் கேபிள்னு தனியா பொட்டில போட்டு விக்கிறதுக்கு இது எந்த விதத்திலயும் குறைச்சல் இல்ல. பிளக் பாயின்ட் ரெண்டையும் இன்வெர்ட்டர் லைன்ல குடுக்க வேணாம்னு சொல்லிட்டேன், எங்களது ஸ்கொயர் வேவ், ஆம்ப் உர்ர்னு உறுமும்.

தெருமுனை மாரியம்மன் கோயில்ல ரேடியோ செட் கட்டிட்டாங்க. கூம்பு ஸ்பீக்கர்ல பேஸே வராது, ஆனா ரெண்டு தெருவுக்கு வார்த்த வார்த்தையா கேக்கும்.

3 ஆகஸ்ட், ஞாயிறு, ஆடிப்பெருக்கு

வந்துருச்சு. மஞ்ச குங்குமம் வச்சு, தேங்கா உடச்சு, அதுக்கப்புறம்தான் பவர். ரிசீவர்ல சப் அவுட் ரெண்டு இருந்தாலும் உள்ள ரெண்டும் ஒரே சிக்னல்தான். பெட்டிக்கு பெட்டி தனியா டிலே (தாமதம்) வைக்கணும்னா டெனான் எக்ஸ்3800எச் ரிசீவர் மாதிரி தனித்தனி அவுட் உள்ளது வேணும், இல்ல மினிடி.எஸ்.பி.ங்கிற தனி பெட்டி போடணும். ஆனா முன்னபின்ன நடுவுல வைக்கிற இந்த அமைப்புக்கு ரெண்டும் ஒரே நேரத்துல தள்ளினாதான் 31 அடங்கும், அதனால ஒரே சிக்னலே நமக்கு தோது.

போட்டதும் ஹம்மு. மெதுவா, விடாம, 50 ஹெர்ட்ஸ். செட்டாப் பாக்ஸ்ல டிஷ்லருந்து வர்ற ஒயர கழட்டினேன், நின்னுபோச்சு. கிரவுண்ட் லூப், அதான் எர்த் ரெண்டு வழியா சுத்தி வர்றது. அதுக்கு ஒரு வழி பண்ணணும்.

9 ஆகஸ்ட், சனி

மைக் திரும்ப வந்துச்சு. நடு சீட்டு, இடது, வலது, மூணு கோடும் 80 வரைக்கும் ஒண்ணுமேல ஒண்ணு, மூணு நாலு டெசிபலுக்குள்ள. 47 பள்ளம் இல்ல. 63-ல சொன்ன மாதிரியே ஒரு மேடு, ரிசீவருக்குள்ள இருக்கிற ஆடிசிங்கிற தானா சரிபண்ற வசதி அத வெட்டிருச்சு. ஓட்டி முடிச்சதும் அது முன் ஸ்பீக்கர லார்ஜ்னு போட்டுரும், அத ஸ்மால் ஆக்கி 80 வச்சேன். சப்போட தூரத்த நெசத்தவிட கூட காமிக்கும், பெட்டிக்குள்ள இருக்கிற டி.எஸ்.பி. சிப்பு எடுக்கிற நேரத்தையும் சேத்துதான் அந்த நம்பர், அத மாத்தக்கூடாது. சப் ட்ரிம்ம, அதான் சப்போட சத்த அளவ, மட்டும் மூணு டெசிபல் ஏத்தி விட்டேன், அது என் நாக்குக்கு உப்பு.

அதே பாட்ட போட்டேன், ஜீ, எஃப் ஷார்ப், எஃப், இ. நாலும் வரிசையா வந்துச்சு.

17 ஆகஸ்ட், ஞாயிறு

கீழ் ரூமுல அம்மாவுக்கு ராத்திரி தளம் அதிருதாம். வாஷிங் மெஷினுக்கு போடுற ரப்பர் பாதம் எட்டு வாங்கி ரெண்டு பெட்டிக்கும் அடியில வச்சேன், கட்டில் நடுக்கம் நின்னுருச்சு, சத்தம் கொஞ்சம் கேக்குது, அது கான்கிரீட் வழியா வர்றது, பத்து மணிக்கு மேல ட்ரிம்ம இறக்கிக்கிறதுதான் வழி. அப்பா மூலைல முன்ன மாதிரி அமுக்கலன்னு அப்பாவுக்கு குறை. சேர முன்ன இழுத்துக்கங்கன்னா கேக்க மாட்டேங்கிறாரு. அவருக்காக மூலைல ஒண்ணு மூணாவதா வைக்கலாமேன்னு மாப்ள ஏத்திவிடுறான்.

30-க்கு கீழ போனா லாஃப்ட் கதவு கடகடங்குது, பீரோ மேல இருக்கிற சூட்கேஸ் பூட்டும். சூட்கேஸ கீழ எறக்கியாச்சு. லாஃப்ட் கதவுக்கு காந்த கேட்ச் மாட்ட ஆசாரி திங்கக்கிழம வர்றேன்னிருக்காரு.