ஆனந்த பஜாரில் அம்மா சாப்பிட்டாள்

எங்கள் வீட்டில் சாதப் பானையைத் தொட்ட கையால் தயிரைத் தொடக்கூடாது. சாதம் பட்ட கை ‘பத்து’. நடுவில் கையை அலம்பியாக வேண்டும். ருசி பார்த்த கரண்டி மறுபடி குழம்புக்குள் போனால் எச்சில். அன்றைக்குக் குழம்பு கிடையாது. கும்பகோணத்துச் சமையலறையில் ஐம்பது வருஷமாக இந்தச் சட்டத்தை நடத்திவரும் அம்மாவைத்தான் போன மார்கழியில் ஒடிசாவிலுள்ள பூரி ஜகன்னாதர் கோயிலுக்கு அழைத்துப் போனேன்.

சாப்பாடு அவளுக்கு விளையாட்டில்லை. கயையில் முன்னோர்களுக்குத் திதி கொடுத்த கையோடு, இனி சாப்பிடுவதில்லை என்று காய், கனி, இலை என ஒவ்வொன்றை விட்டுவிட்டு வருவோமே, முக்கால்வாசிப் பேர் பிடிக்காததாகப் பார்த்துத்தான் விடுவோம். அம்மா பலாப்பழத்தை விட்டாள். பலாச்சுளை என்றால் உயிரை விடுகிறவள்.

கோரமண்டல் எக்ஸ்பிரஸில் புவனேஸ்வரம் போய் இறங்கினோம். அங்கிருந்து பூரிக்கு 60 கிலோமீட்டர். ரயிலில் அம்மா ஒரு டீகூட வாங்கிக் குடிக்கவில்லை. கட்டிக்கொண்டு வந்த புளியோதரையிலேயே ஓட்டிவிட்டாள்.

செல்போனை வெளியே ஒப்படைத்துவிட்டுச் சிங்க வாசல் வழியாக உள்ளே போனோம். வாசலில் நிற்கும் அருண ஸ்தம்பம் கோணார்க்கிலிருந்து வந்தது. 22 படிகள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இந்தக் கோயிலைக் கட்டத் தொடங்கிய அனந்தவர்மன் சோடகங்கன் ஒரு சோழ இளவரசியின் மகன் என்றதும் அம்மாவுக்குக் கொஞ்சம் சொந்த ஊர் களை வந்துவிட்டது. சன்னதியில் தள்ளுமுள்ளு. ஜகன்னாதரின் இமையில்லாத அந்த வட்டக் கண்களை இரண்டு நிமிஷம் பார்த்திருப்போம். அவ்வளவுதான் தரிசனம்.

ஜகன்னாதர் சாப்பாட்டுப் பிரியர். பத்ரிநாத், துவாரகை, ராமேஸ்வரம், பூரி என்ற நான்கு தாமங்களில் (புனிதத் தலங்களில்) பகவான் உண்ணும் இடம் பூரி என்பார்கள். மடைப்பள்ளி கோயிலின் தென்கிழக்கில், அக்னி மூலையில் இருக்கிறது. ரோசகரா என்று பெயர். சமைப்பவர்கள் சுவாரர்கள். விறகடுப்பு, மண்பானை, கங்கா யமுனா என்று பெயர் வைத்த இரண்டு கிணறுகளின் தண்ணீர். ஒரு தடவை சமைத்த பானையில் மறுதடவை சமைப்பதில்லை. வெங்காயம், பூண்டு கிடையாது. உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாயும் கிடையாது. கடல் கடந்து வந்த காய்களுக்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. காரத்துக்கு மிளகுதான். “நம்மாத்து சிராத்த சமையல் மாதிரின்னா இருக்கு” என்றாள் அம்மா.

வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, காவடி மாதிரி தோளில் பானைகள் தொங்க, சுவாரர்கள் எங்களைத் தாண்டி ஓடினார்கள். மூச்சுக்காற்றுகூட அன்னத்தில் படக்கூடாதாம். அம்மாவுக்குப் பரம திருப்தி. “பாத்தியா, மடி ஆசாரம்னா இதுதான்!”

அந்தத் திருப்தி அரைமணி நேரம்கூட நிற்கவில்லை.

ஜகன்னாதருக்குப் படைத்ததை அதே வளாகத்திலிருக்கும் விமலா தேவிக்கும் காட்டியபிறகுதான் அது மஹாபிரசாதம். அபடா என்றும் சொல்வார்கள். வெளிப் பிராகாரத்தில் வடகிழக்கு மூலையிலுள்ள ஆனந்த பஜாரில் அதை விற்கிறார்கள். கொத்தவால் சாவடி கெட்டது, அத்தனை இரைச்சல். குடுவா என்கிற மண்பானைகளில் சோறு, பருப்பு, கடுகு அரைத்துவிட்ட காய்க்கூட்டான பேசரம், கீரை, நெய் மணக்கும் இனிப்புச் சாதமான கனிகா. வாங்க வந்த ஒருவர் பருப்புப் பானையில் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். பிடிக்கவில்லை போலிருக்கிறது, அடுத்த பானைக்குப் போனார். அவருக்குப் பின்னால் வந்தவர் அதே பானையில் விரலை விட்டார்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எங்களுக்கு வழிகாட்டிக் கூட வந்த கோயில் பூசாரி, பண்டா, சிரித்தார். “மாஜி, மஹாபிரசாத் ஜூட்டா நஹீ ஹோதா.” மஹாபிரசாதத்துக்கு எச்சில் கிடையாது. யார் தொட்டாலும், யார் கை பட்டாலும் அது அதேதான். எந்த ஜாதிக்காரரும் எந்த ஜாதிக்காரரோடும் ஒரே பானையில் சாப்பிடலாம். சொல்லப்போனால் அப்படித்தான் சாப்பிட வேண்டும். (இந்துக்கள் மட்டுமே உள்ளே வரலாம் என்ற பலகையையும் வாசலில் பார்த்தேன். அது மனசில் நெருடிக்கொண்டேதான் இருந்தது.)

தரையில் உட்கார்ந்தோம். நாற்காலி மேஜைக்கெல்லாம் இங்கே வேலையில்லை. எங்களுக்கு எதிரே ஒரு ஒடியாக் குடும்பம், இரண்டு குடுவாவை நடுவில் வைத்து ஐந்து பேர் கைவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் அப்பா சாப்பிடும் முன் இலையைச் சுற்றித் தண்ணீர் விட்டு, ‘ப்ராணாய ஸ்வாஹா’ என்று ஆரம்பித்து ஐந்து சிட்டிகை சோற்றை மெல்லாமல் விழுங்குவார். வயிற்றுக்குள் இருக்கும் அக்னிக்குச் செய்கிற ஹோமம் அது. பரிசேஷணம் என்கிற இதை நானும் செய்வேன், பாதி நாள் போனைப் பார்த்துக்கொண்டே. அன்றைக்கு என்னிடம் போன் இல்லை. சோற்றில் விறகுப் புகை வாசனை மெல்லிசாக இருந்தது. பருப்பில் தேங்காய்ப் பல் கடிபட்டது. எத்தனை நாளாயிற்று, சாப்பிடும்போது வாயில் என்ன இருக்கிறது என்று கவனித்து!

அம்மா மட்டும் ஓரமாகக் கொஞ்சம் சோற்றை வைத்துக்கொண்டு பிசைந்தபடி இருந்தாள். எதிரே இருந்த பாட்டிக்கு இவள் வயதுதான் இருக்கும். சாப்பிட்டுக்கொண்டிருந்த கையாலேயே ஒரு பிடி கனிகாவை அள்ளி அம்மாவிடம் நீட்டினாள். விரல்களில் பருப்பு ஒட்டியிருந்தது. ஒடியாவில் ஏதோ சொன்னாள். எனக்குப் புரிந்தது ‘ஜகன்னாத’ மட்டும்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி வாங்கிக்கொண்டாள். கண்ணில் ஒற்றிவிட்டு அப்படியே வாயில் போட்டாள். மடியில் சிந்திய இரண்டு பருக்கையையும் விரலால் ஒற்றி எடுத்துக்கொண்டாள். பிறகு, நான் எதிர்பார்க்கவே இல்லை, எங்கள் குடுவாவிலிருந்து ஒரு பிடி பேசரம் சாதத்தை அள்ளி அந்தப் பாட்டி கையில் வைத்தாள்.

வெளியே வந்ததும், “யாரோ என்னமோ, அம்மா ஊட்டிவிட்டாப்ல இருந்துது” என்றாள். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

கிளம்பும்போது நிர்மால்யம் வாங்கினோம்; காய வைத்த மஹாபிரசாதச் சோறு, சின்னச் சிவப்புத் துணிப் பையில். அங்கெல்லாம் கல்யாணப் பேச்சை உறுதி செய்வதற்கும் இதுதான், உயிர் பிரியும் நேரத்தில் வாயில் ஒரு பருக்கை இடுவதற்கும் இதுதான். அம்மா அதை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். இப்போது ஸ்வாமி அலமாரியில் இருக்கிறது.

ஊருக்கு வந்த மறுநாள் மத்தியானம், சாதத்தைப் போட்டுக்கொண்டு தயிர்ப் பாத்திரத்தின் பக்கம் கையை நீட்டினேன்.

“பத்து! கையை அலம்புடா” என்றாள் அம்மா.