ஆயிரத்துக்கு இவ்வளவு

மலருக்கு எழுதச் சொல்லிப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டால் பள்ளி அதிபரைப் பற்றி எழுதுகிறோம், பிக் மட்ச் கிரிக்கெட் பற்றி எழுதுகிறோம், டொக்டராகவும் எஞ்சினியராகவும் போனவர்களைப் பற்றி எழுதுகிறோம். எங்கள் வகுப்பில் ஒருவன் பாட்டு எழுதுகிறவனாக வந்தான். அவனைப் பற்றி இதுவரை ஒருவரும் எழுதவில்லை. பெயர் போடக் கூடாது என்பது அவனுடைய நிபந்தனை. வகுப்பில் இருந்தவர்களுக்கு அடுத்த பந்தியிலேயே ஆள் தெரிந்துவிடும்.

எழுபதுகளின் தொடக்கம். அவனுடைய தகப்பன் சுருட்டுச் சுற்றுகிறவர். அவர் நெஞ்சு வருத்தத்தில் படுத்த பிறகு, எட்டாம் வகுப்பிலேயே இவன் சுருட்டுக் கொட்டிலுக்குப் போகத் தொடங்கினான். விடிய ஒரு தரம், பள்ளி விட்டதும் இருட்டும்வரை இன்னொரு தரம். முதலில் பொடியங்களுக்குக் கொடுக்கிற வேலை: புகையிலையின் நடுக்காம்பை வார்ந்து எடுப்பது. பிறகு சுற்றப் பழகினான். கூலி எண்ணிக்கைக்குத்தான், ஆயிரத்துக்கு இவ்வளவு என்று. கை ஓய்ந்தால் காசும் ஓய்ந்தது. பக்கத்தில் இருந்தால் புகையிலைக்குப் போடுகிற கோடாச் சாறு மணக்கும். அதைச் சொல்லி மூக்கைப் பொத்தியவர்களும் எங்கள் வகுப்பில் இருந்தார்கள். அவர்களில் சிலர் இப்போது அவன் நிகழ்ச்சிக்கு முன்வரிசை டிக்கெட் எடுக்கிறார்கள். போகட்டும்.

யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் பேப்பரையோ கதைப் புத்தகத்தையோ உரத்து வாசிப்பார், மற்றவர்கள் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். கைக்கும் கண்ணுக்கும் வேலை, காது சும்மாதானே இருக்கிறது. நாங்கள் தமிழைக் கண்ணால் படித்தோம், அவன் காதால் படித்தான். ஒரு வசனம் எந்த இடத்தில் மூச்சு வாங்க வேண்டும் என்பது அவனுக்கு அங்கேதான் பிடிபட்டிருக்க வேண்டும். வகுப்பில் செய்யுள் வாசிக்க எழும்பினால் எங்களைப் போல இழுக்க மாட்டான்.

எங்கள் தமிழ் மாஸ்ரர் அடிக்கடி பாடத்தை விட்டு வெளியே போகிறவர். ஒருநாள் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்திடம் போய்விட்டார். 1930இல் பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் செங்கப்படுத்தான்காடு என்ற ஊரில் பிறந்தவர், பள்ளிப் படிப்பு சொற்பம், பாரதிதாசனிடம் போய் இருந்தவர், பொதுவுடைமைக் கட்சிக்காரர், 1959இல் இருபத்தொன்பது வயதில் செத்துப்போனார், சினிமாவுக்கு எழுதியது நாலைந்து வருசந்தான் என்று சொல்லிவிட்டு, அந்த மனுசன் செய்த தொழில்களைக் கரும்பலகையில் எழுதினார். மாடு மேய்த்தது, வயல் வேலை, மாம்பழம் விற்றது, முறுக்கு விற்றது, தண்ணீர் வண்டி, உப்பளம், மீன்பிடி... பலகை முடிந்துவிட்டது. "இதிலை பாட்டெழுத உதவாத தொழில் எது, சொல்லுங்கோ பாப்பம்" என்றார்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. இவன்தான் எழும்பினான்.

"சேர், உப்பளத்திலை அவருக்குக் கூலி எப்பிடி? நாளுக்கோ, அளவுக்கோ?"

வகுப்பே சிரித்தது. மாஸ்ரர் சிரிக்கவில்லை. "அந்தக் கேள்வியை வைச்சுத்தான்ரா அந்தாள் பாட்டெழுதினது" என்று சொல்லி, இலங்கை வானொலியில் நாங்கள் எல்லோரும் எத்தனையோ தரம் கேட்ட 'நாடோடி மன்னன்' பாட்டை எடுத்தார். காடு விளைந்தென்ன, நமக்குக் கையும் காலுந்தானே மிச்சம் என்று பெண் கேட்கிறாள். விளையட்டும், நமக்கும் காலம் இருக்கிறது என்று ஆண் சொல்கிறான். "இதிலை கண்ணீர் எங்கை இருக்கு? இது கணக்கு. விளைஞ்சது எவ்வளவு, வந்தது எவ்வளவு." அந்த மணி அடிக்கும்வரை தொல்காப்பியமும் இல்லை, இலக்கணமும் இல்லை.

அன்றைக்கே அவன் கவிஞனாகிவிட்டான் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மை அப்படியில்லை. கனடாவுக்கு வந்த பிறகு அவன் எழுதிய முதல் பாட்டுகள் படுமோசம். தாய் மண்ணே, கண்ணீர்க் கடலே என்று யாரும் எழுதக்கூடியவை. அவனிடமே சொல்லியிருக்கிறேன். பிறகு ரொறன்ரோவில் ஒரு பொதி கட்டும் தொழிற்சாலையில் இரவு வேலை. அங்கேயும் எண்ணிக்கைதான். மணிக்கு இத்தனை பெட்டி. பெட்டியை எண்ண வாய் திறந்தால் கொட்டிலில் எண்ணிய அதே இழுவை வருகிறதாம். அதிலிருந்து வந்ததுதான் சுருட்டுப் பாட்டு.

எங்கள் முன்னோர் துலா மிதித்தும் ஏற்றம் இறைத்தும் பாடிய பாட்டுகளில் எண்ணிக்கை பாட்டுக்குள்ளேயே வரும். எத்தனை சால் இறைத்தோம் என்பது தவறக் கூடாது, களைப்பும் தெரியக் கூடாது. இவன் பாட்டும் அப்படித்தான் போகிறது. ஒன்று, இரண்டு என்று ஏறிக்கொண்டே வந்த எண் ஓரிடத்தில் பின்னுக்குப் போகும். கழித்துப் போட்ட சுருட்டுக்குக் கூலி இல்லை என்பது தெரிந்தவனுக்குத்தான் அந்த இடம் புரியும். தெரியாதவர்கள் தாளம் தப்பிவிட்டது என்று நினைப்பார்கள். வறுமை என்ற சொல் பாட்டில் ஓரிடத்திலும் இல்லை. தகப்பனின் இருமல் மட்டும் ஒரு வரியில் வருகிறது, அதுவும் எண்ணிக்கையைக் குழப்பியதற்காக.

கஷ்டப்பட்டவன் கஷ்டத்தைத்தான் எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்களிடம் அவனுக்குப் பொறுமை குறைவு. உப்பளத்தில் நின்ற அதே கல்யாணசுந்தரந்தான் 'கல்யாணப் பரிசு' படத்துக்குக் காதல் பாட்டும் எழுதினார் என்பான். இவனும் எழுதியிருக்கிறான். அதில் காதலிக்குக் கோடா மணம் பிடிக்கும். மேடையில் பாடும்போது அவன் மனைவி மண்டபத்துக்கு வெளியே தேநீர் குடிக்கப் போய்விடுவா.

இந்த வருட ஒன்றுகூடலில் அவன் பாடுகிறான். அழைப்பிதழில் அவன் பெயருக்கு முன்னால் 'வறுமையில் பூத்த கவிஞர்' என்று அச்சடித்து வந்தது. செயற்குழுவில் நானும் இருக்கிறபடியால் அவனுடைய ரெலிபோன் கோல் எனக்குத்தான் வந்தது. "மச்சான், எத்தனை அடிச்சனீங்கள்?" என்றான். ஐந்நூறு என்றேன். சனிக்கிழமை கறுப்புப் பேனையோடு வந்து, அலுவலக மேசையில் குந்தி, ஒவ்வொன்றாக எண்ணி வெட்டிவிட்டுப் போனான்.